மலைநாட்டு மக்களின் இருதய நலமும் நமது கடமையும்

(சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



இருதய நோய் பணக்காரர் நோய் என்று நம்மிற் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவ்வெண்ணம் தவறானது. மலையேறி இறங்கி உழைக்கும் உடம்பிலும் இரத்த அழுத்தம் ஓசையின்றிக் குடியேறுகிறது. உப்பு மிகுந்த கருவாடும், வெற்றிலையோடு சேரும் புகையிலையும், பீடியும் சாராயமும் அதற்குத் துணை நிற்கின்றன.

என் தாய்மாமன் கண்டிக்கு அண்மையில் ஒரு தோட்டத்துத் தொழிலாளி. பிரஷர் என்று கண்டு மாத்திரை கொடுத்தார்கள். மாதந்தோறும் கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும். பஸ் கூலி வேறு. அட்டையில் எழுதியிருந்ததோ அவர் வாசிக்க அறியாத மொழி. தலைவலி நின்றதும் நோய் தீர்ந்ததென்று மாத்திரையை நிறுத்திவிட்டார். ஒருநாட் காலை பிரட்டுக்குப் புறப்பட்டவர் லயத்து வாசலிலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். 1990 என்னும் இலவச அம்புலன்ஸ் எண்ணை அங்கே எவரும் அறிந்திருக்கவில்லை. வாகனம் தேடிப் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சபையோரே! மருந்து இல்லாமையால் அவர் இறக்கவில்லை. மருந்துக்கும் அவருக்கும் இடையே ஒரு துணை இல்லாமையால் இறந்தார். கண்டி நகரில் பெரிய வைத்தியசாலை உண்டு, பேராதனையிலும் உண்டு. நோய் வருமுன் பரிசோதிக்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களை அரசாங்கம் 2011ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் அமைத்து வந்திருக்கிறது. ஆயினும் லயத்திலிருந்து அவ்வாசலுக்குள்ள தூரத்தை மைலால் மட்டும் அளக்க முடியாது.

அத்தூரத்தைக் குறைக்க வழியுண்டு. இலங்கை, பாகிஸ்தான், வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளிலும் 30 கிராமப் பகுதிகளில் நடந்த ஓர் ஆய்வு 2020இல் வெளியாயிற்று. அவற்றுட் பாதியில் சுகாதார ஊழியர் மூன்று மாதத்துக்கொருமுறை வீடு தேடிச் சென்று அழுத்தத்தை அளந்து, புத்தி கூறி, வேண்டியோரை வைத்தியரிடம் அனுப்பினர். இரண்டாண்டு முடிவில் அவ்வூர்களில் அழுத்தம் மற்றவற்றைவிடச் சுமார் 5 புள்ளி கூடுதலாகக் குறைந்திருந்தது.

நாம் செய்யக்கூடியது என்ன? தோட்ட வைத்திய உதவியாளரையும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையையும் அணுகி, அவர்கள் மேற்பார்வையில் பிரட்டுக் களத்திலும் திருவிழா மண்டபத்திலும் அழுத்தம் அளக்க ஒழுங்கு செய்யலாம். கிளினிக் நாளில் பேர் போகாதிருக்கும்படி தொழிற்சங்கத் தலைவர்கள் நிர்வாகத்திடம் பேசலாம். சிங்களம் கற்ற நம் இளைஞர் அட்டையை வாசித்துச் சொல்லலாம். பக்கத்துக் கிராமத்துச் சிங்கள, முஸ்லிம் வாலிபரையும் கூட்டுச் சேர்க்கலாம், இருதயத்துக்கு இனமில்லை. நாளொன்றுக்கு ஒருவருக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் உப்பு வேண்டாமென்று நம் மாதர் வீடுவீடாகச் சொல்லலாம்.

கலகா, தெல்தோட்டைப் பக்கத்து மலைகளில் 1867இல் தேயிலைத் தோட்டம் எழுந்தது. அன்று முதல் இம்மக்கள் உழைப்பு உலகின் களைப்பைத் தீர்த்து வந்திருக்கிறது. அவர்களுக்கு நாம் கொடுக்கக் கேட்பது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் மாமனுக்கு அது கிடைக்கவில்லை. இன்னொருவர் மாமனுக்காவது கிடைக்கட்டும்.