சோதித்தறிதல் நலம்

புனே நகருக்குத் தென்மேற்கே, முட்டா ஆற்றின் கரையில் கடக்வாஸ்லா இருக்கின்றது. அங்குள்ள மத்திய நீர், மின்சார ஆராய்ச்சி நிலையத்தில், அணைகளுக்குச் சிறு மாதிரிகள் அமைத்து, நீரைப் பாய்ச்சிச் சோதித்துப் பார்க்கின்றனர். கண்ணுக்குப் புலப்படாத குறையை முன்னரே அறிவது அதன் பயன். கல்லுக்கும் நீருக்கும் செய்யும் சோதனையை நம் உடலுக்குச் செய்துகொள்ள மட்டும் நாம் கூசுகின்றோம். அதிலும் மேகநோய் என்றும் பால்வினை நோய் என்றும் கூறப்படும் பிணிகளாயின், வாய் திறக்கவே அஞ்சுகின்றோம்.

இப்பிணிகளின் இயல்பை முதலில் அறிவோம். கிரந்தி நோயில் முதலில் தோன்றும் புண் பெரும்பாலும் வலியற்றது. சில வாரங்களில் தானே ஆறிவிடும். ஆனால் கிருமி உடலுக்குள் தங்கி, பல்லாண்டு கழித்து இதயத்தையும் மூளையையும் தாக்கக்கூடும். வெட்டை நோயோ பெண்களிடம் பல சமயம் அடையாளமே காட்டுவதில்லை. கவனியாது விட்டால் மகப்பேற்றுக்கே தடையாகலாம். ஆகவே, தொல்லை இல்லை என்பது நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

1906-இல் ஜெர்மனியில் வாஸர்மானும் அவருடன் உழைத்தோரும் கிரந்திக்கு இரத்தப் பரிசோதனை கண்டனர். 1943-இல் அமெரிக்காவில், பெனிசிலின் அந்நோயைத் தீர்ப்பது தெரியவந்தது. அம்மருந்தைச் செய்யும் அரசாங்கத் தொழிற்சாலை, புனேயை அடுத்த பிம்ப்ரியில் 1955-இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஆரம்பத்திலேயே கண்டால், இன்றும் ஒரு முறை போடும் பெனிசிலின் ஊசியே பெரும்பாலும் போதும். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் மேற்கொண்ட சோதனையால்தான், எச்.ஐ.வி. நம் நாட்டில் புகுந்திருப்பது வெளியாயிற்று. அதற்கும் இன்று அடக்கிவைக்கும் மருந்து உண்டு. ஆனால் சோதித்தவர்க்கே அது பயன்படும்.

சோதனை எளிது. சிறிது இரத்தம், சில நோய்களுக்குச் சிறுநீர், அவ்வளவே. அரசாங்க மருத்துவமனைகளின் ஆலோசனை நிலையங்களில் எச்.ஐ.வி. சோதனைக்குக் கட்டணமில்லை. ஒருவர் சம்மதமின்றி அச்சோதனை செய்வதையும், முடிவைப் பிறருக்கு வெளியிடுவதையும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகின்றது. கிருமி புகுந்த புதிதில் சோதனையில் தெரியாமற் போகலாம். வைத்தியர் குறிக்கும் காலத்தில் மறுமுறையும் செல்ல வேண்டும்.

கணவன் தான் மட்டும் இரகசியமாக ஊசி போட்டுக்கொண்டு மனைவியிடம் மறைத்தால், நோய் அவளிடமிருந்து அவனுக்கே திரும்பும். அவள் கருவுற்றிருந்தாலோ, கவனியாத கிரந்தியால் கரு சிதையலாம். குழந்தை இறந்தும் பிறக்கலாம். காலத்தே கண்டு மருந்து கொடுத்தால் அக்குழந்தையைக் காக்க இயலும். நேயர்களே, நாம் கொள்ளும் நாணத்துக்கு ஒரு குழந்தையின் உயிரை விலையாகக் கொடுத்தல் தகுமா? ஐயம் உள்ளவர்கள், கணவனும் மனைவியுமாகச் சேர்ந்தே சென்று சோதித்துக்கொள்வோமாக.