தொங்கிய கை நிமிரும்

 

வெள்ளி விழா மேடையிலே கல்வியின் மேன்மையைப் பேசாது, கையில் ஓடும் ஒரு நரம்பைப் பற்றிப் பேச வந்துள்ளாரே இத்தலைமையாசிரியர் என்று சிலர் எண்ணக்கூடும். நிலமற்ற நம் முன்னோர்க்குக் கையே காணி. இன்றும் விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரங்களில் நம் பிள்ளைகள் பலர் பட்டாசு ஆலையிலும் அச்சகத்திலும் சுமை ஏற்றும் இடத்திலும் கையை நம்பியே வாழ்கின்றனர். எழுதுகோல் பிடிப்பதும் அதே கைதான். ஆகவே அதனை அறிவதும் கல்வியே.

சில ஆண்டுகளுக்கு முன், நம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன் கல்லூரிக் கட்டணம் சேர்க்கச் சுமைப்பணிக்குச் சென்றான். லாரியிலிருந்து விழுந்து மேற்கை எலும்பு முறிந்தது. வீட்டார் நாட்டுக்கட்டுப் போட்டனர். கட்டு அவிழ்த்தபோது மணிக்கட்டு துவண்டு தொங்கியது. "கை செத்துப்போயிற்று" என்றனர் ஊரார். நாமும் அதனை நம்பினோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். இரண்டு மாதங்கள் வீணாயின. பின்னரே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அங்கே கற்றதைத்தான் இங்கே உரைக்கிறோம்.

கழுத்துத் தண்டுவடத்தினின்று புறப்படும் ஆரை நரம்பு, மேற்கை எலும்பின் பின்புறத்தை ஒட்டிச் சுற்றி முன்கைக்கு இறங்குகிறது. மணிக்கட்டையும் விரல்களையும் பெருவிரலையும் நிமிர்த்தும் தசைகளுக்கு ஆணை கொண்டுசெல்வது இதுவே. எலும்பை ஒட்டிக் கிடப்பதால், எலும்பு முறியும்போது இதுவும் நசுங்குகிறது.

முறிவு மட்டுமே காரணமன்று. கூரிய தகடோ கண்ணாடியோ வெட்டுதல், வெடி விபத்தின் காயம், தவறான இடத்தில் இட்ட ஊசி, இறுகிய கட்டு, அக்குளில் அழுந்தும் ஊன்றுகோல் ஆகியனவும் காரணங்களாம். மது மயக்கத்தில் கையை நாற்காலியின் முதுகில் தொங்கவிட்டு உறங்கியவனும் காலையில் தொங்கிய கையுடன் எழுகிறான். பல்லாண்டு உடலிற் சேரும் ஈய நஞ்சும் காயமின்றியே மணிக்கட்டைத் தொங்கச் செய்யும். ஈய எழுத்துக் கோத்த பழைய அச்சுத் தொழிலாளர்க்கு அந்நஞ்சின் ஆபத்து இருந்தது. பட்டாசில் ஈயம் சேர்ப்பதை உச்ச நீதிமன்றம் 2017இல் தடை செய்தது.

கண்டறிவது எளிது. முன்கையை மேசைமீது வைத்து, உள்ளங்கையைக் கீழ்நோக்கி மேசை விளிம்புக்கு வெளியே நீட்டி, மணிக்கட்டை உயர்த்திப் பாருங்கள். உயரவில்லையாயின், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே புறங்கையில் மரமரப்பும் இருப்பின், ஐயம் வேண்டா; மருத்துவரிடம் செல்லுங்கள். கையுடன் முகம் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ அது பக்கவாதமாகலாம். ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். மூன்று வாரங்களுக்குப் பின் செய்யும் நரம்பு மின்சோதனை நரம்பின் நிலையைத் தெளிவாகக் காட்டும்.

நரம்பு வெறுமனே அழுந்தியிருந்தால் சில வாரங்களிலோ மூன்று மாதங்களுக்குள்ளோ தானே தேறும். உள்ளிழைகள் அறுந்திருந்தால் நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர் அளவே மீண்டும் வளரும். எலும்பு முறிவால் வந்த பாதிப்பில் பெரும்பாலோர் அறுவையின்றியே குணமடைகின்றனர். அதுவரை மணிக்கட்டை நிமிர்த்தித் தாங்கும் பட்டை அணிய வேண்டும். மூட்டுகள் இறுகாதபடி மறு கையால் நாள்தோறும் விரல்களை நீட்டி மடக்க வேண்டும். வெட்டுக்காயத்தால் நரம்பு அறுந்திருந்தால் விரைவில் தைக்க வேண்டும். மூன்று, நான்கு மாதங்களாகியும் அசைவின் அறிகுறியே இல்லையெனில் அறுவை பற்றி மருத்துவர் முடிவு செய்வார். ஓராண்டுக்கு மேல் வாளாவிருந்தால் தசைகள் பயனிழக்கும். அப்போதும் வழி உண்டு: நலமுள்ள தசைநாணை மாற்றிப் பொருத்தி மணிக்கட்டை நிமிர்த்தலாம். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களை இத்தகைய முறையாலேயே நிமிர்த்தினார்.

நம் மாணவனுக்கு நான்காம் மாதத்தில் மணிக்கட்டு சிறிதே துடித்தது. பின்னர் விரல்கள், இறுதியில் பெருவிரல். ஒன்பதாம் மாதம் கல்லூரி விண்ணப்பத்தைத் தன் கையாலேயே நிரப்பினான். ஆனால் ஓராண்டுப் படிப்பு போயிற்று. அந்த ஓராண்டை அவனுக்கு யார் தருவார்?

இளைஞர்களே! விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது, சிவகாசியில் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை உள்ளது. வேலையிடத்தில் அடிபட்டால் அந்நாளையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். மருத்துவச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். ஈட்டுறுதியும் இழப்பீடும் பிச்சையல்ல, உரிமை என்றறிந்து கேளுங்கள். தொங்கிய கையைக் கண்டு "செத்தது" என்று சொல்லும் வாயை இனி நம் தெருவில் அனுமதியாதீர். அறியாமையால் இன்னொரு பிள்ளையின் ஓராண்டு வீணாகாதிருந்தால், இச்சங்கத்தின் இருபத்தைந்தாண்டு உழைப்புக்கு அதுவும் ஒரு பயனாகும்.