தசையாகும் கலம்

மனிதனின் தோலிலும் ஈரலிலும் தசையிலும் உள்ள கலங்கள் யாவும் ஒரே முட்டைக் கலத்தின் வழிவந்தவை. ஏறக்குறைய 20,000 புரதங்களுக்குரிய பரம்பரையலகுகள் அடங்கிய ஒரே ஏடுதான் அவை ஒவ்வொன்றின் கருவிலும் இருக்கின்றது. அங்ஙனமாயின், ஒரு கலம் மட்டும் சுருங்கவல்ல தசையாவது எவ்வாறு? ஏடு ஒன்றே, படிக்கப்படும் பக்கங்கள் வேறு. அப்பக்கங்களைத் திறந்துவிடுவனவும் புரதங்களே.

1987-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் சியாற்றில் நகரில், ஹரோல்ட் வைன்ட்ராப் என்னும் அறிஞரும் அவர்தம் துணைவர்களும் சுண்டெலி முளையத்தினின்று பெற்று வளர்த்த இணைப்பிழையக் கலங்களுள் ஒரேயொரு புரதத்துக்குரிய செய்தியைப் புகுத்தினர். அக்கலங்கள் தம் இயல்பை விடுத்துத் தசைக் கலங்களாயின. அப்புரதமே மையோ-டி. நிறக் கலங்களும் கொழுப்புக் கலங்களுங்கூட அதற்கு இணங்கித் தசைக்குரிய புரதங்களை ஆக்கத் தொடங்கியமை 1989-இல் தெரியவந்தது.

மையோ-டி தனித்து இயங்குவதன்று. வேறொரு புரதத்துடன் இணை சேர்ந்தே, பரம்பரையலகின் அருகே ஆறெழுத்துக் கொண்ட ஓர் இடத்தைப் பற்றுகின்றது. பற்றியதும், மயோசின் முதலிய தசைப் புரதங்களுக்குரிய பக்கங்கள் திறக்கின்றன. கலம் பிரிந்து பெருகவேண்டிய காலத்தில், ஐடி என்னும் பிறிதொரு புரதம் அந்த இணையைக் கவர்ந்து வைத்துக்கொள்கின்றது. பெருக்கத்தைத் தூண்டும் பொருள்கள் குறையவே ஐடியும் குறைகின்றது. கலங்கள் பிரிதலை நிறுத்தி, ஒன்றோடொன்று கலந்து, பல கருக்களையுடைய நாராகின்றன.

ஆகவே, இப்புரதம் இன்றேல் தசையே இல்லை என எண்ணுதல் இயல்பே. ஆனால், 1992-இல் மையோ-டி அற்ற சுண்டெலிகளை மைக்கேல் றட்னிக்கி, றுடொல்ப் யேனிஷ் முதலியோர் உண்டாக்கியபோது, அவை பிறந்தன, ஓடின, குட்டியும் ஈன்றன! மிவ்-5 என்னும் உறவுப் புரதம் அதன் பணியை ஏற்றுக்கொண்டது. இரண்டையும் ஒருங்கே நீக்கியபோதே, 1993-இல், எலும்பைப் பற்றிய தசை சிறிதுமின்றி, அசையமாட்டாத குட்டிகள் பிறந்து மாண்டன. மயோஜெனின் என்னும் மூன்றாவதை நீக்கினால் நிகழ்வது வேறு: தசையாகவேண்டிய கலங்கள் வந்து குழுமுகின்றன, நாராவதுதான் அரிதாகின்றது.

எனின், மையோ-டி மிகையானதோ? வளர்ந்த தசைநாரின் உறைக்கடியில் துயிலும் சிறு கலங்களை 1961-இல் அலெக்சாண்டர் மௌரோ தவளைத் தசையில் கண்டறிந்தார். தசை புண்படுங்கால் அவை விழித்தெழுந்து மையோ-டியை ஆக்குகின்றன. குறையேதுமின்றி ஓடித்திரிந்த அச்சுண்டெலிகளின் தசையைப் புண்படுத்திப் பார்த்தபோது, அது செவ்வனே ஆறவில்லை.