தண்ணீர் இல்லாமல் ஓடும் மோட்டார்

பெங்களூருக்குத் தண்ணீர் தானாக வந்து சேருவதில்லை. கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. காவிரியோ தூரத்தில், பள்ளத்தில் ஓடுகிறது. தொரேகாடனஹள்ளியில் ஏற்றி, ஹாரோஹள்ளியில் மறுபடி ஏற்றி, தாதகுணியில் இன்னொரு தடவை ஏற்றி, ஏறத்தாழ 500 மீட்டர் தூக்கித்தான் கொண்டுவருகிறார்கள். இந்தக் காவிரித் திட்டத்தின் முதல் கட்டம் 1974-ல் வந்தது. ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் வந்தது. அந்தப் பெரிய பம்புகளைக் கவனிக்கக் குடிநீர் வாரியத்தில் ஆட்கள் உண்டு. நம் வீட்டு சம்ப்பிலும் (நிலத்தடித் தொட்டி) போரிலும் (ஆழ்துளைக் கிணறு) ஓடும் மோட்டாரை யார் கவனிக்கிறார்கள்? வாச்மேன் சுவிட்சைப் போடுவார், டேங்க் நிரம்பி வழிந்தால் அணைப்பார். நடுவில் என்ன நடக்கிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

பம்பு தேய்வதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம்தான். ஒன்று, தண்ணீர் இல்லாமல் ஓடுவது. இன்னொன்று, மணலோடு ஓடுவது.

போருக்குள் இறக்கும் சப்மெர்சிபிளில் மோட்டார் கீழே, பம்பு மேலே. மோட்டாரின் உடம்பை உரசிக்கொண்டு மேலேறும் தண்ணீர்தான் அதன் சூட்டைத் தணிக்கிறது. பம்புக்குள் சுழலும் தண்டைத் தாங்கும் புஷ்களுக்கும் அதே தண்ணீர்தான் வழுவழுப்பு. அதற்கென்று தனியாக எண்ணெய் விடுவதில்லை. தண்ணீர் நின்றால் புஷ் தேயும், தண்ணீரைத் தள்ளும் பிளாஸ்டிக் இம்பெல்லர் சூட்டில் உருகும், கடைசியில் மோட்டாரின் வைண்டிங் கருகும். 2024 மார்ச்சில் நகரத்து அரசு ஆழ்துளைக் கிணறுகள் ஏறத்தாழ 14,000-இல் பாதி வற்றிவிட்டதாக மாநில அரசே சொன்னது. தனியார் போர்களும் அந்தக் கோடையில் தப்பவில்லை. போர் வற்றியது மேலே இருப்பவருக்குத் தெரியாது; மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த விஷயத்தில் படகோட்டிகள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். விசைப்படகில் கடல்நீரை இழுத்து இன்ஜினைக் குளிர்விக்கும் ஒரு சின்னப் பம்பு இருக்கும். உள்ளே ரப்பர் இதழ்கள் கொண்ட இம்பெல்லர். அந்த இதழ்கள் பம்பின் சுவரை உரசியபடியே சுழலும். உரசலைத் தணிப்பது கடல்நீர். படகின் அடியில் கடல்நீரை உள்ளே விடும் வால்வைத் திறக்க மறந்து இன்ஜினைக் கிளப்பினால் ஓரிரு நிமிஷத்திலேயே ரப்பர் கருகிவிடலாம். பிய்ந்த துண்டுகள் குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். அதனால் புது இம்பெல்லரை மாட்டினால் மட்டும் போதாது, பழையதன் துண்டுகளையும் தேடி எடுத்தாக வேண்டும். பம்பின் அடியில் ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். அதில் தண்ணீர் சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டது என்று அர்த்தம். ஒழுகுகிறதே என்று அந்தத் துளையை அடைப்பவர்களும் இருக்கிறார்கள்! அடைத்தால் உப்புநீர் பேரிங்குக்குள் போகும். அனுபவமுள்ள டிரைவர் இன்ஜினைக் கிளப்பியதும் முதலில் செய்வது, வெளியே தண்ணீர் விழுகிறதா என்று எட்டிப் பார்ப்பது.

நாமும் அப்படி எட்டிப் பார்க்கலாம். மொட்டைமாடி டேங்கில் தண்ணீர் விழுகிற வேகத்தை மாதம் ஒருமுறை பாருங்கள். பேனல் பெட்டியில் ஆம்பியர் முள் இருக்கும். நல்ல தண்ணீர் வரும்போது அது எங்கே நிற்கிறதோ அந்த இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். முள் அதற்கு வெகு கீழே இறங்கினால் பம்பு தண்ணீர் இல்லாமல் ஓடுகிறது என்று சந்தேகப்படுங்கள். மேலே ஏறினால் மணல் சிக்கி இறுகியிருக்கலாம், வோல்டேஜும் குறைந்திருக்கலாம். டிரை ரன் பிரிவென்டர் என்ற கருவி, ஆம்பியர் இறங்கியதும் தானே அணைத்துவிடும். புது மோட்டார் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை. ஆனாலும் செலவைக் குறைக்க அசோசியேஷன் கூட்டங்களில் முதலில் வெட்டப்படுவது அதுதான்.

தண்ணீர் குறைந்த போரில் பெரிய குதிரைசக்தி மோட்டாரை இறக்குவது இந்த ஊரின் தீராத ஆசை. பெரிய மோட்டார் தண்ணீரை உற்பத்தி செய்யாது, இருப்பதைச் சீக்கிரம் காலி செய்யும். டைமர் போட்டு, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஊறுவதற்கு நேரம் கொடுப்பதே மேல். பம்பைப் போரின் அடித்தரை வரை இறக்கவும் கூடாது. கீழே தங்கும் கல்தூளையும் சேற்றையும் அது அப்படியே உறிஞ்சும்.

சம்ப் மோட்டாருக்கும் இதே பேச்சுதான். டேங்கர் தண்ணீரோடு வரும் வண்டல் அடியில் படிந்து ஃபுட்வால்வை அடைக்கும். சம்ப்பைக் கழுவும் நாளில் அதையும் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். தண்ணீர் மட்டம் குறைந்தால் தானே அணைக்கும் மிதவை சுவிட்சும் ஒன்று இருக்கட்டும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை போர் தண்ணீரை வெள்ளை பக்கெட்டில் பிடித்துக் கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் மணல் படிந்தால் கோடை வரை காத்திருக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.