சுவாமிகளின் மேடையும் பல்கலைக்கழக வளாகமும்

புதுச்சேரிக் கருவடிக்குப்பத்து மயானத்தில் சமாதி கொண்டுள்ள தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரையே, அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே அமைந்துள்ள காலாப்பட்டுப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி தாங்கி நிற்கிறது. புதுச்சேரி அரசு தனது இந்தியத் திரைப்பட விழாவில் வழங்கும் விருதும் அவர் பெயரிலேயே அமைந்துள்ளது. ஆகவே, பல மாநிலத்தாரும் அயல்நாட்டாரும் கூடிப் பயிலும் வளாகத்தில் கலைவிழா எவ்வாறு அமைய வேண்டும் என்ற வினாவை, 1867இல் தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் மறைந்த அந்த நாடகாசிரியரின் மேடையை முன்னிறுத்தி இப்பட்டமளிப்பு அரங்கில் எழுப்புவது பொருத்தமாகும்.

சுவாமிகளின் காலத்தில் பார்சி நாடகக் குழுக்கள் கொண்டுவந்த இந்துஸ்தானி மெட்டுகளும் ஆர்மோனியமும் தமிழ் மேடையில் கலந்துவிட்டிருந்தன. முன்பே வழங்கும் இசைக்குப் புதிய சாகித்தியம் இயற்றும் முறை வர்ணமெட்டு எனப்பட்டது. வள்ளி திருமணமும் பவளக்கொடியும் எழுதிய அதே கை, ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் கதையையும் தமிழ் நாடகமாக்கியது.

இவற்றினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது ஸ்பெஷல் நாடகம், அதாவது நிலையான குழுவோ ஒத்திகையோ இன்றி, வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே ஒப்பந்தமாகி வரும் கலைஞர்கள் ஓர் இரவுக்கு மட்டும் கூடி நடத்தும் நாடகமாகும். நாயக வேடமேற்கும் ராஜபார்ட்டும் நாயகி வேடமேற்கும் ஸ்திரீபார்ட்டும் அன்றுதான் முதன்முதலாகச் சந்தித்திருக்கலாம். எனினும், வள்ளி திருமணத்தின் தினைப்புனக் காட்சியில் வேலன் கேள்வி தொடுக்க வள்ளி பாட்டாலேயே மடக்க, இருவரின் போக்கையும் ஆர்மோனியக்காரர் கணித்துச் சுருதி கொடுக்க, தர்க்கம் நெடுநேரம் நீள்கிறது. முன்பின் அறியாதவர்கள் இவ்வாறு இணைய முடிவதற்குக் காரணம், சுவாமிகளின் பாடத்தை அனைவரும் மனப்பாடமாகக் கற்றிருப்பதேயாகும்.

வளாக விழாக்கள் பெரும்பாலும் இதற்கு மாறாகவே அமைகின்றன. ஒரு மாநிலத்தார் ஆடி இறங்கியதும் அடுத்த மாநிலத்தார் ஏறுகின்றனர். அணிவகுப்பு நிறைவுறுகிறது, கலப்பு நிகழ்வதில்லை. மணிப்புரி மாணவர் தெருக்கூத்தின் அடவைப் பயின்று ஆடும்போதும், தமிழ் மாணவர் மலையாளப் படமொன்றைத் துணைவரிகளுடன் பார்த்துவிட்டு அதன் சாதிப் பார்வை குறித்து மலையாள நண்பரிடம் விவாதிக்கும்போதும்தான் பண்பாடுகள் உண்மையில் சந்திக்கின்றன. விருந்தோம்பல் மட்டும் போதாது. பிறர் கலையைக் கற்கும் உழைப்பும் வேண்டும். எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி முதல் தலைவராக இருந்து வளர்த்த நிகழ்கலைப் பள்ளி போன்ற துறைகள் அவ்வுழைப்புக்கு உரிய இடங்களாகும்.

இன்று பட்டம் பெறுவோர் எவ்வூரில் பணியேற்பினும், அங்கே ஒரு திரைப்படக் கழகத்தையேனும் நடத்தி, படம் முடிந்தபின் விவாதத்துக்கு உரிய நேரம் ஒதுக்க வேண்டும். ஆண்டுதோறும் சுவாமிகளின் நினைவு நாளில் கருவடிக்குப்பத்தில் மலர் தூவ வரும் நாடகக் கலைஞர்களை வளாகக் கலைப் பயிற்சிகளுக்கு ஆசிரியர்களாக அழைத்து, தகுந்த ஊதியமும் அளிக்க வேண்டும்.