மழலையர் வகுப்பு வெளியே வரவேண்டிய பருவம்



‘வசந்தத் தொடக்கத்தில் மழலையரின் வெளிப்புறக் கற்றலும் இயற்கை விளையாட்டும்’ என்று இக்கருத்தரங்கின் அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறீர்கள். எந்த ஊர் வசந்தம் என்பதுதான் என் முதல் கேள்வி. இத்துறையில் நாம் படிக்கும் நூல்களும் கையேடுகளும் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கே மார்ச் மாதம் என்பது நீண்ட இருட்டிலிருந்து வெளியே வரும் மாதம். குட்டையில் தவளை முட்டை மிதக்கும். பிள்ளைகள் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு சேற்றில் இறங்குவார்கள். வாரத்துக்கு வாரம் வெளியில் இருக்கும் நேரம் கூடிக்கொண்டே போகும்.

நமக்கு நேர் எதிர். மாசிக் காலை இதமாக இருக்கிறது. பங்குனி பாதியாகும்போது பத்து மணி வெயிலே சுடுகிறது. சித்திரையில் மூன்று வயதுப் பிள்ளையை முற்றத்தில் விட யாருக்கும் மனம் வராது. அவர்களுக்கு விரிகிற பருவம் நமக்குச் சுருங்குகிறது. ஏறக்குறைய எட்டு வாரக் காலைகள்தாம் நம் கையில் இருப்பவை. இதை மறந்துவிட்டு அவர்கள் பாடத்திட்டத்தை அப்படியே இறக்குமதி செய்தால் ரப்பர் பூட்ஸ் வாங்கிய செலவுதான் மிஞ்சும்.

அதற்காக அவர்களிடம் கற்க ஒன்றுமில்லை என்று சொல்ல வரவில்லை. 1840இல் ஜெர்மனியில் ஃபிரோபெல் தம் பள்ளிக்குக் ‘கிண்டர்கார்டன்’ என்று பெயர் சூட்டியபோது, ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு சிறு பாத்தி இருக்கவேண்டும் என்றார். பெயர் உலகெங்கும் பரவியது; பாத்தி எங்கேயோ நின்றுவிட்டது. எல்.கே.ஜி. என்ற மூன்றெழுத்தில் ‘கே.ஜி.’ இருக்கிறது, தோட்டம் இல்லை.

எனக்கு ஃபிரோபெலைவிட நெருக்கமானவர்கள் மார்கரெட், ரேச்சல் மெக்மில்லன் சகோதரிகள். தென்கிழக்கு லண்டனின் டெட்ஃபோர்டு பகுதி அன்று வறுமை மண்டிய இடம். 1910இல் அங்கே அவர்கள் முதலில் தொடங்கியது பள்ளி அல்ல, மருத்துவ நிலையம். நோய் தீர்ந்து வீட்டுக்குப் போன பிள்ளைகள் சில வாரங்களில் அதே நோயோடு திரும்பி வந்தார்கள். இருட்டறையும் நெரிசலும் மாறாமல் மருந்து மட்டும் என்ன செய்யும்? 1914இல் அவர்கள் திறந்தவெளி மழலையர் பள்ளியைத் தொடங்கியதன் காரணம் இதுதான். கட்டடம் என்று பெரிதாக எதுவும் இல்லை. தோட்டத்தை நோக்கித் திறந்த கொட்டகைகள். குளியல், உணவு, உறக்கம், பாடம் எல்லாம் தோட்டத்தையே மையமாக வைத்து நடந்தன. காய்கறிப் பாத்தி, மூலிகைச் செடிகள் இவற்றோடு, கல்லும் தகரமும் உடைசல்களும் கிடக்கும் ஒரு குப்பைமேடும் பிள்ளைகளுக்கு வேண்டும் என்று மார்கரெட் வாதிட்டார். லண்டனின் மார்ச் குளிரில், சளி பிடிக்கும் என்ற அச்சத்தை மீறி, ஏழைப் பிள்ளைகளை வெளியில் வைத்து அவர்கள் செய்து காட்டியதை, நம் மாசிக் காலையில் செய்யத் தயங்குகிறோம். ரேச்சல் 1917இல் காலமானார், பள்ளி நிற்கவில்லை.

நம் மண்ணையும் இந்த வரலாறு தொட்டுச் செல்கிறது. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்த மரியா மாண்டிசோரி, போர் காரணமாக ஊர் திரும்ப முடியாமல், 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் இருந்தார். இயற்கையைத் தனித்தனிப் பாடமாகப் பிரிக்காமல் முழுதாகப் பிள்ளைகள் முன் வைக்கும் அவருடைய சிந்தனை உருப்பெற்றதில் அந்த மலைவாசத்துக்குப் பெரும்பங்கு உண்டு. இன்று மாண்டிசோரி பெயர்ப்பலகை தொங்கும் பள்ளிகளில் அவருடைய மரக்கட்டைகள் பளபளக்கின்றன. மலை வரவில்லை.

இன்னும் பின்னால் போனால், நம் பிள்ளைத்தமிழ் நூல்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பிரித்தன. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்றும் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலில் அம்மானை, நீராடல், ஊசல். மணலும் நீரும் ஊஞ்சலும் வளர்ச்சிப் படிகளாகவே எண்ணப்பட்டிருக்கின்றன. எழுத்துக்கென ஒரு பருவத்தை அந்தப் புலவர்கள் ஒதுக்கவில்லை.

சரி, இந்த எட்டு வாரத்தில் ஒரு சாதாரணப் பள்ளி வளாகத்தில் என்ன இருக்கிறது? பெரும்பொழுதுக் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனி. இளவேனில் சித்திரையில்தான் தொடங்கும். மரங்கள் அதுவரை காத்திருப்பதில்லை. அரசமரம் செம்புநிறத் தளிர் விடுகிறது. புங்கம் மொட்டையாக நின்றுவிட்டுத் திடீரென்று மினுமினுக்கிறது. வேப்பம் பழுப்பு தரை முழுக்கக் கொட்டிக் கிடக்கிறது. கல்யாண முருங்கை இலையின்றிச் சிவப்பாகப் பூக்க, தேனுக்கு மைனாக்கள் வந்து சண்டை போடுகின்றன. வாகை நெற்று காற்றில் கலகலக்கிறது. மாமரத்தடியில் பிஞ்சு விழுகிறது. சுவரோர மணலில் குழியானை கூம்புக்குழி பறித்துக்கொண்டு எறும்புக்குக் காத்திருக்கிறது.

இந்தக் குழியானை ஒன்று போதும், ஒரு வாரம் வகுப்பு நடத்தலாம். மூன்று வயதுப் பிள்ளை குழியருகே குப்புறப் படுத்து மெல்ல ஊதும். மணல் சரியும். உள்ளிருந்து ஏதோ மணலை வாரி எறியும். மறுபடி ஊதும். குழி பெரிதா சிறிதா, நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்கிறதா, எறும்பு விழுந்தால் என்ன ஆகும் என்று கேள்விகள் தாமாக வரும். அந்த நேரத்தில் ஆசிரியை செய்யவேண்டிய பெரிய வேலை, வாயை மூடிக்கொண்டிருப்பது. “இது பூச்சி, சொல்லு, பூச்சி” என்று நாம் முந்திக்கொண்டால் பிள்ளை எழுந்து போய்விடும்.

ஆய்வுச் சான்று கேட்பவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளிப்புற நேரம் தந்து மூன்றாண்டு கவனித்தார்கள். 2015இல் முடிவு வெளிவந்தது. கிட்டப்பார்வை புதிதாக வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் 30.4 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். அவர்கள் நம் மழலையரைவிடச் சற்றுப் பெரியவர்கள் என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும். பின்லாந்தில் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளின் காப்பக முற்றங்களில் காட்டுத் தரையையே பெயர்த்துக் கொண்டுவந்து பரப்பினார்கள். 28 நாளில் பிள்ளைகளின் தோலில் வாழும் நுண்ணுயிர் வகைகள் பெருகின. நோய் எதிர்ப்பைச் சீராக்கும் அடையாளங்கள் இரத்தத்தில் தெரிந்தன. 2020இல் வெளியான ஆய்வு இது. அவர்கள் காட்டு மண்ணைச் சுமந்து வருகிறார்கள். நாம் இருந்த மண்ணின் மேல் இன்டர்லாக் கல் பதித்து, அதற்கும் மேல் செயற்கைப் புல் விரிக்கிறோம். வெயிலில் அது எப்படிச் சுடும் என்பதைப் பிள்ளைகளின் பாதத்தைக் கேட்டால் தெரியும்.

அச்சங்களை நான் ஏளனம் செய்யமாட்டேன். அரளி, ஊமத்தை, ஆமணக்கு விதை, குன்றிமணி இந்த நான்கையும் அடையாளம் தெரியாத ஆசிரியை பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்லக்கூடாது. சருகுக் குவியலைக் கிளறிப் பார்த்துத் தேள், பூரான் இல்லை என்று உறுதி செய்த பிறகே பிள்ளைகளை விடவேண்டும். குடிநீரும் நிழலும் கட்டாயம். ஆனால் நான் பள்ளிகளில் அதிகம் கேட்டது தேளைப் பற்றி அல்ல. “பாப்பா யூனிஃபார்மெல்லாம் மண்ணு, மிஸ்” என்பதுதான். இதற்கு ஆய்வு வேண்டாம். பையில் ஒரு பழைய கவுனோ டவுசரோ கொடுத்தனுப்பச் சொன்னால் போதும்.

பெரிய தடை வேறு. பல மழலையர் பள்ளிகளில் மாசி, பங்குனி என்றால் ஆண்டு விழா ஒத்திகை, ஆண்டுத் தேர்வு, புதிய சேர்க்கை. அரசமரம் தளிர்க்கும் வாரத்தில் பிள்ளைகள் மூடிய கூடத்தில் ஒலிபெருக்கிப் பாட்டுக்கு ஆடப் பழகுகிறார்கள். தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. அவற்றின் முன்பருவக் கல்விக்கு ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்றே பெயர். அந்தப் பாப்பாக்களும் வெளியே வரவேண்டும். வாடகை வீட்டின் ஒற்றை அறையில் இயங்கும் மையத்துக்கு முற்றம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நகரங்களில் காலைநடைக்காரர்கள் போனதும் பூட்டப்படும் பூங்காக்களை இவர்களுக்காகப் பதினொரு மணிவரை திறந்து வைக்கலாம். கோயில் நந்தவனமும் குளக்கரைப் படியும் பல ஊர்களில் உண்டு.

ஆகவே இரண்டு வேண்டுகோள். கட்டுரை வாசிக்கும் ஆய்வாளர்கள், உங்கள் ஊரில் எந்த மரம் எந்த வாரம் தளிர்த்தது, எந்த மணிவரை பிள்ளைகள் வெளியில் இருக்க முடிந்தது என்று எழுதுங்கள். நமக்கான கையேட்டை அந்தக் குறிப்புகளிலிருந்துதான் எழுதமுடியும். பள்ளி நடத்துவோர், ஆண்டு விழாவைத் தை மாதத்துக்குள் முடித்துவிட்டு, மாசி, பங்குனிக் காலைகளில் முதல் ஒன்றரை மணி நேரத்தை வெளிமுற்றத்துக்கு ஒதுக்குங்கள். இதையே இக்கருத்தரங்கின் முதல் தீர்மானமாக முன்மொழிகிறேன். மாலை அமர்வில் விவாதித்து நிறைவேற்றித் தருமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.