கையறுநிலையும் செவியறிவுறூஉவும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



திருத்தணி மலையின் படிகளில் ஏறி நிற்பவர் வானை நோக்கினால் பறவைகளை மட்டும் காண்பதில்லை. அரக்கோணத்தில் 1992 மார்ச் 11 அன்று தொடங்கப்பெற்ற ராஜாளிக் கடற்படை வானூர்தித் தளம் இங்கிருந்து தொலைவில் இல்லை. ஹெலிகாப்டர் ஓட்டுநர்க்குப் பயிற்சி தரும் பள்ளியும் அங்கேதான் இயங்கி வருகிறது. ஆர்.கே.பேட்டையைச் சுற்றியுள்ள கழனிகளில் நாற்று நடுவோர்க்கு அந்த ஒலி புதியதன்று. பள்ளிப் பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பதும், “நானும் ஓட்டுவேன்” என்று சொல்வதும் இயல்பாகிவிட்ட ஊர்கள் இவை.

வானில் பறக்கும் வேட்கை தமிழுக்கும் புதியதன்று. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்று 27ஆம் பாட்டு, புலவர் பாடும் புகழுடையோர் வலவன் செலுத்தாத வான ஊர்தியில் செல்வர் என்கிறது. வலவன் என்பவன் ஊர்தியைச் செலுத்துவோன். விண்ணுலகம் செல்லும் ஊர்திக்கு வலவன் வேண்டா. மண்ணிலிருந்து எழுந்து மண்ணுக்கே திரும்ப வேண்டிய ஊர்திக்கோ வலவன் வேண்டும்; அவன் பழகியவனாகவும் இருத்தல் வேண்டும். இதைத் திருத்தக்கதேவர் அறிந்திருந்தார். சீவக சிந்தாமணியில் சச்சந்தன் மயிற்பொறியைச் செய்வித்ததோடு நின்றுவிடவில்லை. அதை எழுப்பவும் இறக்கவும் விசயைக்கு முன்னரே பயிற்சி அளித்தான். தமிழ் இலக்கியம் காட்டும் முதல் வானூர்திப் பயிற்சி மாணவி அவள் எனலாம். அவளது முதற்பயணம் சுடுகாட்டில் இறங்கியது என்பதையும் அவையோர் அறிவர்.

இவ்வுரையின் பொருள் அத்தகைய பயிற்சி மாணவர்களைப் பற்றியது. வானூர்தி ஓட்ட விரும்பும் இந்திய இளைஞர் அனைவரும் படைத்தளங்களில் பயில்வதில்லை. உரிமம் பெறுதற்பொருட்டுப் பெற்றோர் நிலத்தையும் நகையையும் ஈடுவைத்து அயல்நாட்டுச் சிறு தளங்களுக்கு அனுப்பும் பிள்ளைகளும் உண்டு. 2025 ஜூலை 8 அன்று காலை, கனடாவின் மானிட்டோபா மாநிலத்தில், வின்னிபெக் நகருக்குத் தென்கிழக்கே ஸ்டைன்பாக் என்னும் ஊரின் சிறு தளத்தருகே, இரண்டு செஸ்னாப் பயிற்சி விமானங்கள் வானில் மோதிக்கொண்டன. ஒன்றை ஓட்டியவர் கேரளத்துக் கொச்சிப் பகுதியினரான 23 வயது இளைஞர். மற்றொன்றை ஓட்டியவர் 20 வயதுக் கனடிய நங்கை. இருவரும் மாண்டனர். இருவரும் ஒரே பள்ளி மாணவர். எழுவதும் இறங்குவதுமாகிய அதே பாடத்தை அன்று பயின்றுகொண்டிருந்தனர். இருவரும் ஒரே நேரத்தில் இறங்க முனைந்ததாகத் தெரிகிறது என்றும், இரு விமானங்களிலும் வானொலி இருந்தது, ஆயினும் ஒருவரையொருவர் காணவில்லை போலும் என்றும் பள்ளியின் தலைவர் செய்தியாளர்களிடம் கூறினார்.

அகன்ற வானில் இருவர்க்கு இடமில்லாமற் போவது எப்படி என்று கேட்கத் தோன்றும். விடை ஓடுபாதையில் இருக்கிறது. வானம் அகன்றது, ஓடுபாதை ஒன்றே. சிறு தளத்தில் பயிலும் ஒவ்வொருவரும் அதைச் சுற்றி ஏறத்தாழ 1,000 அடி உயரத்தில் ஒரு நீள்சதுரத்தை வரைகின்றனர். காற்றை எதிர்த்து எழுகின்றனர். பக்கம் திரும்பி, ஓடுபாதைக்கு இணையாகக் காற்றோடு செல்கின்றனர். மீண்டும் இருமுறை திரும்பி ஓடுபாதைக்கு நேரே வந்து இறங்குகின்றனர். தரையைத் தொட்டவுடன் மறுபடி எழுவதும் உண்டு. செக்கைச் சுற்றும் மாட்டைப்போல ஒரு காலைப் பொழுதில் பலமுறை இவ்வாறு சுற்றுவர். கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத தளத்தில் “இன்னார் இவ்விடத்தில் இருக்கிறேன்” என்று ஒவ்வொருவரும் ஒரே வானொலி அலைவரிசையில் தாமே அறிவித்துக்கொள்ள வேண்டும். எஞ்சிய காவல் கண்ணே.

அந்தக் கண்ணோ நம்பத்தக்க காவலன் அன்று. செஸ்னாவின் இறக்கை ஓட்டுநர் தலைக்குமேல் அமைந்தது. மேலே இருப்பதை அது மறைக்கும். திரும்பும்போது அவ்விறக்கை தாழ்ந்து, எப்பக்கம் திரும்புகிறாரோ அப்பக்கத்தையே மறைத்துவிடும். இதனினும் கொடியது ஒன்று உண்டு. மோதும் போக்கில் வரும் விமானம் கண்ணாடியில் நகர்வதில்லை. ஒரே இடத்தில் ஒரு புள்ளியாக நிற்கும். அசைவதைக் காணப் பழகிய மனிதக் கண் அசையாப் புள்ளியைத் தவறவிடும். அது திடீரெனப் பெருத்துத் தோன்றும்போது காலம் கடந்திருக்கும். கண்டு, உணர்ந்து, முடிவெடுத்து, விமானம் விலகுவதற்கு ஏறத்தாழ 12.5 நொடிகள் வேண்டும் என்று அமெரிக்க வானூர்தித் துறையின் அறிவுரை ஏடு கணக்கிட்டுள்ளது. “பார்த்து விலகு” என்னும் கொள்கையின் குறைகளை ஆஸ்திரேலிய விபத்து ஆய்வுத் துறை 1991ஆம் ஆண்டிலேயே தனி அறிக்கையாக எழுதியது. ஆகவே மாண்டோரைப் பார்த்து “கவனமின்மை” என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது எளிது. ஆனால் அது அறமன்று.

பிழைத்திருக்கும் விமானிகள் இத்தகைய சாவுகளுக்குப் பின் இரண்டு செயல்களைச் செய்கின்றனர். ஒன்று அழுவது, மற்றொன்று வாதிடுவது. அவர்கள் அழும் முறையில் ஒரு கவிதை உண்டு. சில விமானங்கள் அணிவகுத்துப் பறக்கும். அவற்றுள் ஒன்று வானோக்கிப் பிரிந்து போய்விடும், அல்லது ஓரிடம் தொடக்கத்திலிருந்தே வெறுமையாக விடப்படும். மாண்டவர் பறந்திருக்க வேண்டிய இடம் அது. சொல் இல்லாத கையறுநிலை எனத் தகும் அது. இறந்தோரை எண்ணி எஞ்சியோர் வருந்துவதே கையறுநிலை என்னும் தொல்காப்பியர் கருத்துக்கு வானில் எழுதிய உரை எனினும் பொருந்தும்.

வாதமோ அவ்வளவு அழகுடையதன்று. 2022 ஆகஸ்டு 18 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வாட்சன்வில் தளத்தில் இரு விமானங்கள் மோதி மூவர் மாண்டனர். 300க்கு மேற்பட்ட விமானங்கள் தங்கும் அத்தளத்தில் ஆண்டுக்கு 55,000க்கு மேல் எழுதலும் இறங்கலும் நிகழ்ந்தன, கோபுரம் இல்லை. சிறு விமானம் முறைப்படி சுற்றி வந்துகொண்டிருந்தது. இரட்டைப் பொறியுடைய பெரிய விமானமோ சுற்றாமல் நேரே, மிகுந்த விரைவோடு இறங்க வந்தது. இருவரும் வானொலியில் அறிவித்திருந்தனர். பின்னால் வருபவர் மிக விரைந்து நெருங்குகிறார் என்று சிறு விமானத்தவர் சொன்னதும் பதிவாகியுள்ளது. நேரே வந்தவர் மற்றவரைக் கண்டு விலகத் தவறியதே காரணம் என ஆய்வு முடிவு கூறியது.

கோபுரம் வேண்டும் என்பது வாதத்தின் ஒரு கட்சி. கோபுரத்துக்கும் ஆட்களுக்கும் பணம் வேண்டும்; சிறு தளம் அச்சுமையைத் தாங்காமல் மூடப்பட்டால் ஏழைப் பிள்ளை எங்கே பயில்வான் என்பது எதிர்க்கட்சி. அதிலும் உண்மை உண்டு. கோபுரம் உள்ள டென்வர் அருகிலான சென்டென்னியல் தளத்திலும் 2021 மே 12 அன்று இரு விமானங்கள் மோதவே செய்தன. அனைவரும் உயிர் பிழைத்தது அரிய நிகழ்வு. ஒரே நேரத்தில் சுற்றுவோர் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டுக என்பர் சிலர். தன் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பி, அண்டையில் உள்ளவரைத் திரையில் காட்டும் கருவியை எல்லாப் பயிற்சி விமானங்களிலும் பொருத்துக என்பர் வேறு சிலர். திரையையே பார்ப்பவன் வெளியே பாரான் என்ற மறுப்பும் உண்டு. ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு நியாயம் இருப்பதால் வாதம் நீள்கிறது. ஆயினும் செலவு மிகுதி என்பது வரம்பு கட்டுவதற்கும், நேரே இறங்குவோரை முறைப்படுத்துவதற்கும் தடையாகாது. செலவில்லாத காப்புகளையாவது முதலில் செய்துவிட்டுச் செலவுள்ளவற்றைப் பற்றி வாதிடுவதே முறை.

கவிஞர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். விபத்தில் இறந்தோர்க்குத் தமிழில் எழுதப்பெறும் இரங்கற்பாக்களில் தவறாமல் வருகின்ற சொல் “விதி.” விதி பறித்தது, விதி முடித்தது, விதியை வெல்வார் யார் என்று பாட்டு நிறைவுறும். தமிழில் இச்சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு. ஊழும் விதி, ஒழுங்குமுறையும் விதி. முதற்பொருளில் எழுதிவிட்டால் கேள்வி அடங்கிவிடுகிறது. எவரும் விடை சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் பொருளில் எழுதினால் கேள்வி பிறக்கிறது: எந்த விதி இல்லாமற் போயிற்று? எந்த விதி இருந்தும் மீறப்பட்டது? வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஒன்றை மட்டும் படித்தவர் அவரை முழுதும் படித்தவராகார்.

1996 நவம்பர் 12 அன்று அரியானாவில் சார்க்கி தாத்ரி வான்பரப்பில் சவூதி விமானமும் கசாக்கு விமானமும் மோதி 349 பேர் மாண்டனர். நாடு அழுதது, ஆனால் அழுகையோடு நிற்கவில்லை. நீதிபதி லகோத்தி தலைமையில் ஆய்வு நடந்தது. கசாக்கு விமானம் தனக்குக் குறித்த 15,000 அடி உயரத்திலிருந்து தாழ்ந்து, 14,000 அடியில் வந்த சவூதி விமானத்தின் வழியில் புகுந்தது தெளிவாயிற்று. வருவோர்க்கும் போவோர்க்கும் தனித்தனி வான்வழிகள் வகுக்கப்பட்டன. மோதலை முன்னறிந்து எச்சரிக்கும் கருவி கட்டாயமாயிற்று. விபத்து ஆய்வின் நோக்கம் மீண்டும் விபத்து நேராமல் தடுப்பதே, பழி சுமத்துவதன்று என்பது உலக வானூர்திப் பொதுவிதி. பழி தேடுவோரிடம் உண்மை மறைக்கப்படும். பாடம் தேடுவோரிடமே அது பேசும் என்பதே அதன் உட்பொருள்.

புறத்துறைகளுள் செவியறிவுறூஉ என்பது ஆள்வோர் செவியில் அறிவுரை புகுத்துவது. பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரி தண்டும் முறையைச் சொல்லிய பிசிராந்தையார் பாட்டு அத்துறையினது. சிறு நிலத்து நெல்லும் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் வரும். யானையே வயலில் புகுந்தால் வாய் உண்பதினும் கால் அழிப்பது மிகுதி என்றார் அவர். அவரேதான், நேரிற் காணாத நண்பன் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது தாமும் வந்து உடன் வடக்கிருந்து உயிர் துறந்தவர். நண்பனுக்காக உயிரைத் தந்த அதே உள்ளம், அரசனிடம் முறையைக் கேட்கத் தயங்கவில்லை. இரண்டும் அன்பின் இரு முகங்கள்.

இந்த வட்டத்தின் கவியரங்குகளில் பத்தாண்டுகளாகப் பாடப்பெற்ற கையறுநிலைப் பாக்கள் பல. அவை தேவையானவை, அழாத சமுதாயம் கற்பதும் இல்லை. ஆனால் அடுத்த பத்தாண்டில், ஒருவரின் அகால மரணத்தைப் பாடுகின்ற கவிஞர், அது வானூர்தியாயினும் நெடுஞ்சாலைப் பேருந்தாயினும் பட்டாசுச் சாலையாயினும், பாட்டை “விதி” என்று முடிக்குமுன் ஒரு கணம் எழுதுகோலை நிறுத்த வேண்டும். ஸ்டைன்பாக் வானில் மாண்ட இருவர்க்கும் மலரஞ்சலி செய்தாயிற்று. அதே வான்சுற்றில் நாளைக் காலை எழப்போகின்ற மாணவர்க்குச் செய்ய வேண்டியது இன்னும் இருக்கிறது. இந்த ஊரில் அண்ணாந்து நிற்கும் பிள்ளைகளுள் ஒருவர் அவர்களுள் இருக்கக்கூடும்.